அஞ்சல் உறையிலிருந்து இயங்கலை வரை: தொலைவிலிருந்து புகைப்படம் கற்ற வரலாறு



“புகைப்படக்கலையில் முதுகலைப் பட்டம், அதுவும் இயங்கலையில்” என்று யாராவது சொன்னால் நம்மில் பலர் லேசாகச் சிரிப்போம். சட்டத்தையோ கணக்கியலையோ வீட்டிலிருந்தே படிக்கலாம், புத்தகம் இருந்தால் ஓரளவு போதும். கேமரா அப்படியா? கையில் கொடுத்துப் பழக்க வேண்டும். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று நின்று காட்ட வேண்டும். பக்கத்தில் ஆசிரியர் இல்லாமல் இதெல்லாம் நடக்குமா என்று கேட்கத் தோன்றும்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால், வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் ஒரு செய்தி தெரியவரும். புகைப்படக்கலை உலகுக்கு அறிமுகமான ஆண்டிலிருந்தே பலர் அதைத் தொலைவிலிருந்துதான் கற்றிருக்கிறார்கள். கையேடு, தபால், ஒலிநாடா, கணினி என்று வழி மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. சில இடங்களில் அந்தக் கல்வி பலித்தது, சில இடங்களில் பொய்த்தது. ஏன்? மாணவர் எடுத்த படத்தை மறுமுனையில் ஒருவர் உட்கார்ந்து உண்மையாகப் பார்த்தாரா என்பதில்தான் விடை இருக்கிறது. இக்கட்டுரை சொல்ல வருவதும் அதைத்தான்.

கடல் கடந்த கையேடு

1839 ஆகஸ்டு 19. பாரிஸ் நகரில் அறிவியல் கழகமும் கவின்கலைக் கழகமும் கூடிய அவையில், லூயி டாகேர் கண்டுபிடித்த படமெடுக்கும் முறை வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் உருவத்தைப் பதிய வைக்கும் முறை அது. டாகேர் எழுதிய விளக்கக் கையேடும் உடனே அச்சேறியது. சில மாதங்களிலேயே அது பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. டாகேரை ஒரு முறைகூடப் பார்த்திராதவர்கள் அந்தக் கையேட்டைப் படித்து, தகட்டைத் தேய்த்து, பாதரச ஆவியைக் காட்டிப் படம் எடுக்கத் தொடங்கினார்கள்.

நம் வட்டாரத்துக்கும் இக்கலை சீக்கிரமே வந்துவிட்டது. சிங்கப்பூரில் ஓட்டல் நடத்திவந்த கஸ்தோன் துத்ரொன்குவா, 1843-இலேயே படம் எடுத்துத் தருவதாகச் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தார். மலாக்காவில் பிறந்து, மலாய் இலக்கியத்தில் நிலைத்த இடம் பெற்று, தமிழும் கற்றிருந்த முன்ஷி அப்துல்லாவும் இந்தப் புதுமையைக் கண்டு வியந்தார். 1849-இல் வெளிவந்த தம் ‘ஹிக்காயாட் அப்துல்லா’வில் அதை விவரித்து எழுதினார். புகைப்படத்தையே பார்த்திராத வாசகருக்கு, சொற்களால் மட்டும் அதை விளக்க வேண்டிய நிலை அவருக்கு!

கையேட்டுக் கல்விக்கு ஒரு குறை உண்டு. அது பேசும், கேட்காது. உங்கள் தகடு கறுத்துப் போனால் ஏன் கறுத்தது என்று கையேட்டிடம் கேட்க முடியாது. ஏகலைவன் கதை நமக்குத் தெரியும். களிமண் சிலையின் முன் நின்று வில் பழகினான். அந்தச் சிலை ஒரு நாளாவது “கொஞ்சம் தோளை இறக்கு” என்று சொல்லியிருக்குமா? ஏகலைவன் போன்றவர்கள் தாமே முட்டிமோதிக் கற்றுவிடுவார்கள். மற்றவர்களுக்குத் திருத்திச் சொல்ல ஒருவர் வேண்டும்.

தபால்காரர் கொண்டுவந்த வகுப்பு

அந்தத் திருத்தத்தைத் தபாலில் அனுப்ப முடியும் என்று காட்டியவர் ஐசக் பிட்மன். பிரிட்டனில் 1840-இல் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் முறை வந்தது. அதே ஆண்டில் அவர் தம் சுருக்கெழுத்தை அஞ்சல்வழி கற்பிக்கத் தொடங்கினார். மாணவர்கள் விவிலியப் பகுதிகளைச் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்புவார்கள். அவர் திருத்தித் திருப்பி அனுப்புவார். மலிவான தபால் இல்லையென்றால் இது நடந்திருக்காது. தேர்வு எழுதும் மாணவர்கள் இந்தக் காரண காரியத் தொடர்பைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். புதிய கல்விமுறைக்கு முன்னால் பெரும்பாலும் ஒரு புதிய போக்குவரத்து வசதி நிற்கும்.

1858-இல் இலண்டன் பல்கலைக்கழகம் தன் தேர்வுகளை வெளியிடத்து மாணவர்களுக்கும் திறந்துவிட்டது. எங்கே படித்தாலும் சரி, வந்து தேர்வு எழுதலாம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், நிலக்கரிச் சுரங்க ஊரான ஸ்கிரான்டனில் 1891-இல் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கியது. சுரங்கத் தொழிலாளர்கள் பாதுகாப்பு விதிகளைக் கற்றுத் தேர்வு பெற வேண்டும் என்பதே அதன் முதல் நோக்கம். பின்னாளில் அது அனைத்துலக அஞ்சல்வழிப் பள்ளிகள் என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது.

இதற்கு இடையில் கேமராவும் மாறிவிட்டது. ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888-இல் கோடாக் கேமராவை 25 டாலருக்கு விற்றார். உள்ளே 100 படங்களுக்கான சுருள். எடுத்து முடித்ததும் கேமராவையே ராச்செஸ்டர் நகருக்கு அனுப்பிவிட வேண்டும். 10 டாலர் கட்டணத்துக்குப் படங்களைக் கழுவி அச்சிட்டு, புதிய சுருளும் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். ஆக, இரசாயனம் தெரியாதவர்களும் படம் எடுக்கலாம் என்ற நிலை வந்தது. எடுப்பது சுலபமானதும், நன்றாக எடுப்பது எப்படி என்ற கேள்வி பலருக்கும் வந்தது.

அந்தக் கேள்விக்கு விடை தரப் பள்ளிகள் தோன்றின. அதே ஸ்கிரான்டனில் இயங்கிய ஓர் அஞ்சல்வழிப் பள்ளி, ஜேம்ஸ் ஷ்ரீவர் தொகுத்த புகைப்படப் பாடநூல் வரிசையை 1908, 1909 ஆண்டுகளில் 10 தொகுதிகளாக வெளியிட்டது. 1910-இல் நியூயார்க் புகைப்படக்கலைக் கழகம் தொடங்கப்பட்டது. மாணவர் படம் எடுத்துத் தபாலில் அனுப்ப, பயிற்றுநர் குறை நிறைகளை எழுதித் திருப்பி அனுப்புவார். பல ஆண்டுகள் கழித்து ஒலிநாடா பரவியபோது, அக்கழகத்துப் பயிற்றுநர்கள் தங்கள் கருத்தைப் பேசியே பதிவு செய்து அனுப்பினார்கள். மாணவர் தன் படத்தை எதிரே வைத்துக்கொண்டு ஆசிரியரின் குரலைக் கேட்கலாம். யோசித்துப் பாருங்கள், நாம் இன்று புலனத்தில் குரல் பதிவு அனுப்புகிறோமே, கிட்டத்தட்ட அதே வேலைதான்.

சுவரில் மாட்டிய படங்கள்

இதே காலத்தில் நேருக்கு நேர் கற்பிக்கும் பள்ளிகளும் வளர்ந்தன. கிளாரன்ஸ் ஒயிட் 1914-இல் நியூயார்க்கில் ஒரு புகைப்படப் பள்ளியைத் தொடங்கினார். டோரத்தியா லேங், மார்கரெட் போர்க்-ஒயிட் முதலிய பெரும் புகைப்படக் கலைஞர்கள் அவரிடம் கற்றவர்கள். 1937-இல் லாஸ்லோ மொஹோலி-நாஜ் சிகாகோவில் ஒரு வடிவமைப்புப் பள்ளியை நிறுவினார். அங்கே 1946-இல் ஹாரி காலஹனும், 1951-இல் ஆரன் சிஸ்கிண்டும் ஆசிரியர்களாகச் சேர்ந்தார்கள். அவர்களிடம் முதுகலை பயின்ற பலர், பின்னாளில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் புகைப்படக்கலை ஆசிரியர்களாகப் பொறுப்பேற்றார்கள்.

இத்தகைய வகுப்புகளின் உயிர்நாடி ‘கிரிட்டிக்’ எனப்படும் படத் திறனாய்வு. மாணவர் தம் படங்களைச் சுவரில் வரிசையாக மாட்டுவார். சக மாணவர்களும் ஆசிரியரும் சுற்றி நின்று பேசுவார்கள். இந்தப் படம் எதற்கு? அந்தக் கை ஏன் வெட்டுப்பட்டிருக்கிறது? இதற்கு முன்னால் இருக்கும் படம் இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும்? நம் கவியரங்கிலும் பட்டிமன்றத்திலும் அவை நடுவே நிற்பவரின் நெஞ்சு படபடக்குமே, அதே படபடப்பு இங்கேயும் உண்டு. முதுகலைப் படிப்பில் மாணவர் பணம் கட்டிப் பெறுவது முக்கியமாக இந்தப் பேச்சைத்தான். கேமராவின் பொத்தான்களை அதற்கு முன்பே கற்றிருப்பார்.

புகழ் பெற்ற பெயர்கள், பார்க்காத கண்கள்

வரலாறு நமக்கு எச்சரிக்கை விடுக்கும் இடமும் இதில் உண்டு. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்ட்போர்ட் நகரில் 1948-இல் ‘புகழ் பெற்ற ஓவியர்கள் பள்ளி’ என்ற அஞ்சல்வழி நிறுவனம் தொடங்கப்பட்டது. ஆல்பர்ட் டோர்ன் நிறுவியது. நார்மன் ராக்வெல் போன்ற பெயர்கள் அதன் பட்டியலில் இருந்தன. மாணவர் அனுப்பிய ஓவியத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து, பயிற்றுநர் திருத்தங்களை வரைந்து அனுப்பும் நல்ல முறையும் அங்கே இருந்தது. 1960-களில் அதே நிறுவனத்தின் புகைப்படப் பள்ளியும் எழுத்தாளர் பள்ளியும் இயங்கின. புகைப்படப் பள்ளியின் விளம்பரங்களில் ரிச்சர்ட் அவெடன், இர்விங் பென், ஆல்ஃபிரட் ஐசன்ஸ்டாட் என்று பெரிய பெரிய பெயர்கள்!

1970-இல் ஜெசிக்கா மிட்ஃபோர்ட் என்ற பெண் எழுத்தாளர், ‘அட்லாண்டிக்’ இதழில் அந்த எழுத்தாளர் பள்ளியைப் பற்றிக் கட்டுரை எழுதினார். விளம்பரத்தில் தோன்றிய புகழாளர்கள் மாணவர்களின் பயிற்சிகளைத் திருத்துவதே இல்லை என்பதையும், விற்பனையாளர்கள் வீடு தேடி வந்து ஆள் சேர்த்ததையும், சேர்ந்தவர்களில் பெரும் பகுதியினர் பாதியிலேயே நின்றுவிட்டதையும் அது வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் தாய் நிறுவனம் திவாலானது.

இதிலிருந்து அஞ்சல்வழிக் கல்வியே மோசடி என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. பிட்மனும் தபாலில்தான் கற்பித்தார். அவர் மாணவரின் எழுத்தைப் பார்த்தார். இங்கே பார்ப்பதாகச் சொல்லப்பட்டவர்கள் பார்க்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். தேர்வில் ‘தொலைதூரக் கல்வியின் நன்மை தீமைகள்’ என்று கேட்டால், இணையம் நல்லது, இணையம் கெட்டது என்று எழுதி நிறுத்திவிடாமல், இந்த வித்தியாசத்தையும் எழுதிப் பாருங்கள்.

திறந்த பல்கலைக்கழகங்களின் காலம்

பிரிட்டனின் திறந்த பல்கலைக்கழகம் 1969-இல் அரச சாசனம் பெற்று, 1971-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. பி.பி.சி. தொலைக்காட்சியில் பாடங்கள் ஒளிபரப்பாயின. பலரும் அதை ‘டிவி பல்கலைக்கழகம்’ என்றே நினைத்தார்கள். ஆனால், ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு வழிகாட்டி ஆசிரியர் உண்டு. அவர் பயிற்சித் தாள்களைப் படித்து, விரிவாகக் கருத்து எழுதித் திருப்புவார். அந்தக் கல்வியைத் தாங்கிய தூண்களில் ஒன்று அது.

நம் நாட்டிலும் அதே 1971-இல், பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் வளாகத்துக்கு வெளியே இருந்தபடி பட்டம் படிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. வேலை பார்த்துக்கொண்டே படித்துப் பட்டம் வாங்கிய ஆசிரியர் ஒருவராவது நம் குடும்பத்திலோ பள்ளியிலோ இருப்பார். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பாடநூலின் பெயரை மறந்திருப்பார்கள், தாளில் நல்ல குறிப்பு எழுதிய விரிவுரையாளரை மறந்திருக்க மாட்டார்கள்.

பிரிட்டனில் கலைக்கென்றே ஒரு திறந்த கல்லூரி 1987-இல் உருவானது. திறந்த பல்கலைக்கழகக் கனவுக்கு வித்திட்டவர்களில் ஒருவரான மைக்கேல் யங் அதை நிறுவினார். ஓவியம், புகைப்படம் போன்ற ‘கைவேலை’களையும் வீட்டிலிருந்து கற்கலாம் என்ற நம்பிக்கையை அது வளர்த்தது. இணையம் வந்த பிறகு கதவு இன்னும் அகலமாகத் திறந்தது. இன்று சான் பிரான்சிஸ்கோவின் கலைக்கழகப் பல்கலைக்கழகம், ஜார்ஜியா மாநிலத்தின் சவான்னா கலை வடிவமைப்புக் கல்லூரி போன்றவை புகைப்படக்கலை முதுகலையை இயங்கலையிலேயே நடத்துகின்றன.

ஒரு மாணவியின் அனுபவம்

எனக்குத் தெரிந்த ஒரு மாணவி கிள்ளானில் இருந்தபடி பிரிட்டனிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் இப்படிப்பட்ட முதுகலைப் பாடங்களைப் படித்தாள். பகலில் திருமணப் படங்கள் எடுக்கும் வேலை, இரவில் படிப்பு. இலண்டனில் குளிர்காலத்து மாலை 7 மணி என்றால் நமக்கு விடியற்காலை 3 மணி. வீட்டில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருக்க, இவள் மட்டும் காதில் ஒலிவாங்கியோடு உட்கார்ந்து தன் படத்தைப் பற்றி அந்நியர்கள் பேசுவதைக் கேட்பாள்.

சிரமங்களை அவள் மறைக்கவில்லை. கணினித் திரையின் நிறத்தைச் சரிப்படுத்தாவிட்டால் இங்கே மஞ்சளாகத் தெரிவது அங்கே பச்சையாகத் தெரியும். பெரிய அச்சுப்படத்தைக் கையில் வாங்கிப் பார்க்கும் அனுபவம் இல்லை. இருட்டறை இல்லை. வகுப்பு முடிந்ததும் தேநீர் குடித்துக்கொண்டே பேசத் தோழிகள் இல்லை. கட்டணமோ பவுண்டில், ரிங்கிட்டுக்கு மாற்றிப் பார்த்தால் மூச்சு முட்டும். ஒரு பருவத்தில் வந்த பயிற்றுநர் எல்லாருக்கும் “நன்று, தொடருங்கள்” என்ற ஒற்றை வரியையே அனுப்பிவந்தார். “அந்த மூணு மாசமும் நான் யூடியூப் பார்த்திருக்கலாம் டீச்சர்” என்றாள்.

ஆனால், இன்னொரு பருவம் அவளை மாற்றிவிட்டது. தன் பாட்டி சமையலறையில் வேலை செய்யும் படத்தைப் பதிவேற்றியிருந்தாள். பித்தளைக் குடம், புகை, சன்னல் வழியே விழும் வெயில், சேலையின் சிவப்பு. சக மாணவர்கள் நிறத்தைப் பாராட்டித் தள்ளினார்கள். பயிற்றுநர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “படத்தில் எல்லாம் இருக்கிறது. உன் பாட்டி எங்கே?”

பார்த்தால், பாட்டியின் முகம் பாதி புகையில் மறைந்திருந்தது. சுற்றுலாப் பயணி ஒருவர் வந்து எடுத்திருந்தாலும் அந்தப் படம் அப்படித்தான் இருந்திருக்கும். 10,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த ஒருவர், பாட்டியை ஒருநாளும் பார்த்திராத ஒருவர், அதைக் கண்டுபிடித்துவிட்டார். அடுத்த ஆறு வாரமும் அவள் குடத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பாட்டியோடு பேசிப் பேசிப் படம் எடுத்தாள். மருந்து மாத்திரைகளை எண்ணும் பாட்டி, தமிழ்ச் சீரியல் பார்த்துத் திட்டும் பாட்டி, பேரனின் பள்ளிச் சட்டைக்குப் பொத்தான் தைக்கும் பாட்டி. எதிலும் பித்தளை இல்லை. எல்லாவற்றிலும் பாட்டி இருந்தார்.

தொலைவினால் இன்னொரு நன்மையும் கிடைத்தது என்கிறாள். இங்கே நமக்குள் ஒரு படத்தைக் காட்டினால் பால்குடம் என்றோ, படையல் என்றோ ஒரு சொல் போதும், புரிந்துகொள்வோம். அங்கே ஒவ்வொன்றையும் விளக்க வேண்டியிருந்தது. விளக்கப் போனபோதுதான், தனக்கே சரியாகத் தெரியாத பல விஷயங்கள் வெளிப்பட்டன. பாட்டியிடம் கேட்டாள், எழுதினாள், பிறகு மீண்டும் படம் எடுத்தாள். முன்ஷி அப்துல்லா, புகைப்படத்தை அறியாதவர்களுக்கு அதைச் சொற்களால் விளக்கினார். இவள், நம் வாழ்க்கையை அறியாதவர்களுக்குத் தன் புகைப்படத்தைச் சொற்களால் விளக்கினாள்.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

2020 மார்ச் 18. மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய நாள். பள்ளிகள் மூடப்பட்டன. பிறகு மாதக்கணக்கில் நாம் செய்தது என்ன? மாணவர்கள் பயிற்சிப் புத்தகத்தைத் திறன்பேசியில் படம் பிடித்துப் புலனத்தில் அனுப்பினார்கள். பாதி இருட்டு, பாதி நிழல், சில படங்களில் தம்பியின் விரல். நாம் அந்தப் படங்களைப் பெரிதாக்கி, ற எங்கே, ர எங்கே என்று தேடி, விரலாலேயே சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பினோம். அப்படிப் பார்த்தால், நாம் எல்லாருமே அன்று படத்தை வைத்துத் தொலைவிலிருந்து கற்பித்தவர்கள்தாம்.

அந்தக் காலத்தில் சில மாணவர்கள் முன்னேறினார்கள், சிலர் காணாமலே போனார்கள். இணைய வசதியும் கருவியும் இல்லாததால் விடுபட்டவர்கள் ஏராளம், அதை மறுக்க முடியாது. ஆனால், வசதி இருந்தவர்களுக்குள்ளும் வேறுபாடு தெரிந்ததே! அனுப்பியதற்கு ‘பெருவிரல்’ குறி மட்டும் வாங்கிய மாணவன் நாளடைவில் அனுப்புவதை நிறுத்திவிட்டான். “மூன்றாம் பத்தியில் உன் தாத்தாவைப் பற்றி எழுதியது நன்றாக இருக்கிறது, அதையே ஏன் முதலில் கொண்டுவரக் கூடாது?” என்று பதில் பெற்ற மாணவி மறுநாளே திருத்தி அனுப்பினாள்.

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. இனி நீங்கள் படிக்கப் போகும் ஏதாவது ஒரு பாடம் இயங்கலையில் இருக்கத்தான் போகிறது. சேர்வதற்கு முன் விளம்பரத்தில் யாருடைய முகம் இருக்கிறது என்று பார்க்காதீர்கள். என் வேலையை யார் பார்ப்பார், எத்தனை நாளில் பதில் வரும், ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்று கேளுங்கள். திருத்திய தாள் கைக்கு வந்தால் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் பைக்குள் திணிக்காதீர்கள். ஓரத்தில் உள்ள குறிப்பையும் படியுங்கள். ஒருவர் உங்களுக்காகச் செலவிட்ட நேரம் அது.

ஆசிரிய நண்பர்களே, 40 தாள் குவிந்து கிடக்கும் இரவில் ஒவ்வொன்றிலும் விரிவாக எழுதுவது முடியாத காரியம், தெரியும். ஒவ்வொரு தாளிலும் அந்தப் பிள்ளைக்கு மட்டுமே பொருந்தும் ஒரு கேள்வி எழுதினால் போதும்.

கலந்துரையாடலுக்குச் சில வினாக்கள்

1. மலிவான தபால், அஞ்சல்வழிக் கல்விக்கு வழிவகுத்தது. இதைப் போல ஒரு தொழில்நுட்பம் ஒரு கல்விமுறையை உருவாக்கிய இன்னோர் எடுத்துக்காட்டைத் தந்து விளக்குக.

2. ஐசக் பிட்மனின் முறையையும் ‘புகழ் பெற்றவர்கள்’ பள்ளிகளின் முறையையும் ஒப்பிட்டு, இரண்டு ஒற்றுமைகளையும் ஒரு முக்கிய வேற்றுமையையும் எழுதுக.

3. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரைப் படம் எடுங்கள். அவரை அறியாத ஒருவருக்கு அந்தப் படத்தை 80 சொற்களில் விளக்குங்கள். எழுதி முடித்த பிறகு, படத்தை மாற்றி எடுக்கத் தோன்றுகிறதா என்று பாருங்கள்.